மூன்று முறை அலசியது

நான் வரைந்த படத்துக்கு மேம் ஃபெலிசா கண்ணாடிச் சட்டம் போட்டு, பண்ணை அலுவலகத்தில் குழந்தை இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். பெருமைப்பட வேண்டிய நேரம். நானோ அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் நின்றேன்.

படம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பன்னிரண்டு புள்ளிகள், ஒரு கோடு. மேம் ஃபெலிசாவின் பண்ணையில் பன்னிரண்டு பால்கெண்டைக் குளங்கள்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு குளம். புள்ளி வலப்பக்கம் போகப் போக அந்தக் குளத்தின் தரையில் உயிர்வகைகள் அதிகம். மேலே போகப் போகப் பிடித்த மீன் அதிகம். கோடு இடப்பக்க உச்சியிலிருந்து வலப்பக்க மூலைக்குச் சறுக்கிக்கொண்டு வந்தது. வகை கூடினால் மீன் குறைகிறது என்று அர்த்தம். அந்தச் சறுக்கலின் கடைசியில், வகுப்பில் மூலையில் நிறுத்திய பிள்ளை மாதிரி, ஒரு புள்ளி தனியாக நின்றது. அது ஏழாம் குளம். ஏழாம் குளத்தைப் பார்த்துக்கொள்பவன் என் அண்ணன் மெல்சோர்.

மேம் ஃபெலிசா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். தன் அப்பா இறந்தபிறகு பண்ணையை எடுத்துக்கொண்டு இரண்டு வருடமாகிறது. என் ஆய்வுப் பட்டத்துக்காக நாலு மாதம் அவருடைய குளங்களில் நான் இறங்கி அளைந்தபோது படகு கொடுத்தார், மதியச் சோறு கொடுத்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. இப்போது கைகட்டிப் படத்தின் முன்னால் நின்று, அப்பா காலத்தில் எல்லாம் மூக்கால் மோந்து பார்த்துத்தான் முடிவு எடுத்தார்கள், இப்போதுதான் கைக்கு ஒரு கணக்கு வந்திருக்கிறது என்றார். புது வருடம் பிறந்து குளங்களை வடித்ததும் சுரண்டும் இயந்திரம் வரும். அடியில் கிடக்கும் கறுப்பை எல்லாம் வழித்து வெளியே கொட்டிவிட்டு, சுத்தமான தரையில் வேகமாக வளரும் ஒரே வகைப் பாசியைத் தூவப்போகிறார்.

“ஏழாம் குளத்துலதான் ஆரம்பிக்கப்போறோம். அடியில கெடக்கறதெல்லாம் தின்னுட்டுச் சும்மா கெடக்குதுன்னு நீயே காட்டிட்டியே, நெல்ஃபா. மெல்சோருக்கு இன்னும் ஒரு வருஷம் பாப்பேன். அப்பவும் கடைசியில நின்னா வேற ஆளத்தான் போடணும்.”

கடைசி வாக்கியத்தைத் தாழ்ந்த குரலில், என் தோளைத் தொட்டுச் சொன்னார். அவன் என் அண்ணன் என்பது அவருக்குத் தெரியும். எனக்குச் சந்தேகப்படக்கூட உரிமை இல்லை. படத்துக்கு அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது.

கறுப்பு, சேறு, அழுக்கு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதனால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குளத்தை வடித்துக் காயவிட்டு, கோழி எரு தூவி, கணுக்கால் நனையாத அளவுக்கு உப்புத்தண்ணீரை உள்ளே விட்டால், தரைமேல் ஒரு தோல் வளரும். எங்கள் டுமாங்காஸ் ஊர்ப் பக்கம் அதற்கு லாப்லாப் என்று பெயர். பால்கெண்டை அதைத்தான் மேய்கிறது. ஒரு துண்டை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் மேலே பொன்பழுப்பு, அடியில் பச்சை, அதற்கடியில் ஊதா, கடைசியில் கறுப்பு. மொத்தமும் ஒரு விரல் கனம்கூட இருக்காது. மேலே இருப்பவை வெயிலைத் தின்னும். கீழே இருப்பவை மேலே இருப்பவற்றின் மிச்சத்தைத் தின்று, அவற்றுக்கு வேண்டியதைத் திருப்பி மேலே அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான வகைகள், மாடி மாடியாகக் குடியிருக்கின்றன. எத்தனை வகை குடியிருந்தால் எவ்வளவு விளையும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

மற்றப் பதினோரு குளங்களிலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தரையை உழுதுவிடுவார்கள். மெல்சோர் காயவிடுவான், உழவிட மாட்டான். முப்பது வருடமாக அவன் குளத்துத் தோல் வெடிக்கும், சுருளும், தண்ணீர் வந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். எருமைத்தோல் மாதிரி ஆகிவிட்டது. வடித்த நாட்களில் அந்தப் பக்கம் காற்றடித்தால் மற்றக் குளக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனை நாற்றக்குளத்தான் என்பார்கள். அவனும் சிரிப்பான். போன அக்டோபர் புயலில் அவன் குளத்துக் கரை உடைந்து மீனில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றோடு போனது. அதை நான் கணக்கில் எழுதவில்லை. அண்ணன் என்பதற்காகச் சலுகை காட்டிவிட்டாள் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று, தராசு காட்டியதை அப்படியே எழுதினேன். அவ்வளவு நேர்மை எனக்கு.

அலுவலகத்திலிருந்து வரப்பு வழியாக ஏழாம் குளத்துக்கு நடந்தேன். சொல்லாமல் போனால் வேறு யாராவது சொல்வார்கள். மெல்சோர் நீப்பா ஓலைக் குடிசைக்கு வெளியே மீன் சுட்டுக்கொண்டிருந்தான். “வாங்க சேத்து டாக்டர்” என்று வரவேற்று, சோற்றையும் மிளகாய் ஊறின காடியையும் என் பக்கம் தள்ளினான். பாதிச் சோறு இறங்கியதும் சொன்னேன். இயந்திரத்தைச் சொன்னேன், அவன் குளம்தான் முதல் என்று சொன்னேன். ஆள் மாற்றும் பேச்சை மட்டும் சொல்லவில்லை.

சுரண்டட்டும், குளம் அவர்களுடையது என்றான். ஆனால் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்துகொண்டான். எதற்கும் சாப்பாட்டைப் பாதியில் விடுகிறவன் இல்லை அவன்.

“படிச்சவ சொன்னா சரியாத்தான் இருக்கும், இன்டாய். எனக்கு என்ன தெரியும், நான் இதும்மேல நடந்தவன்தானே.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் குத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் கடைக்குட்டிப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே இன்டாய் என்று கூப்பிட்டு, நிஜமாகவே நம்பிச் சொன்னான்.

உச்சிவெயில். அந்த நேரத்தில் லாப்லாப் மூச்சுவிட்டுக் குமிழி கட்டிக்கொள்ளும். துண்டு துண்டாகத் தரையை விட்டு மிதந்து மேலே வரும். தொட்டியில் விட்டிருந்த மீன்குஞ்சுகளுக்குப் போடுவதற்காக மெல்சோர் கரையோரம் குனிந்து ஒரு துண்டை அள்ளினான். எனக்கும் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வரப்புக்கு மறுபக்கத்துக் குளத்தில் மிதந்த ஒரு துண்டை நான் அள்ளினேன். அவன் அலசினான், நானும் அலசினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கறுப்பு சாப்பிட்டால் குஞ்சு செத்துப்போகும் என்பார்கள், அதனால் எங்கள் வீட்டில் யாரும் லாப்லாப்பை அலசாமல் கையில் வைத்துக்கொள்வதில்லை. மூன்றாவது முறை என் கையிலிருந்து ஒரு கறுப்பு மேகம் தண்ணீரில் கலைந்து போனது. ஊதாவும் அதோடு போனது. மெல்சோர் கையில் இருந்த துண்டில் இரண்டும் அப்படியே இருந்தன.

வரப்பிலேயே உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

நாலு மாதம், பன்னிரண்டு குளம், நூற்றுக்கும் மேல் புட்டிகள். ஒவ்வொன்றையும் புட்டியில் போடுவதற்கு முன்னால் நான் அலசியிருக்கிறேன். குறிப்பேட்டில் அது எங்கும் இல்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றினேன் என்று யார் எழுதி வைப்பார்கள்? நகரத்தில் பிறந்த ஒருத்தி இந்த வேலையைச் செய்திருந்தால், தொடவே அருவருப்புப்பட்டு, கறுப்போடு அப்படியே புட்டியில் தள்ளியிருப்பாள். அவளுடைய கணக்கு சரியாக இருந்திருக்கும்.

உழுத குளங்களில் தோல் மெல்லிசு, பிடிப்பில்லாதது. மூன்று அலசலில் கீழ்மாடிகள் இரண்டும் போய்விடும். மெல்சோர் குளத்துத் தோலை முப்பது முறை அலசினாலும் ஒன்றும் போகாது. அவன் குளத்தில் வகைகள் அதிகம், மற்றக் குளங்களில் குறைவு என்று நான் கண்டுபிடித்தது இதைத்தான். என் கைப்பழக்கத்தை அளந்து, கோடு போட்டு, கையெழுத்தும் போட்டிருந்தேன்.

குளங்களை வடிப்பதற்கு ஐந்து வாரம் இருந்தது. பால் டின்னை இருபக்கமும் வெட்டிக் குழாயாக்கி, பன்னிரண்டு குளத்திலும் தரையோடு அழுத்தி, மேலிருந்து கறுப்புவரை அலசாமல் எடுத்தேன். கை ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் போகத் துடித்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு புட்டியை மூடினேன். மணிலாவுக்கு அனுப்பினேன். மரபணுவை வைத்து வகை எண்ணும் இடம் அங்கேதான் இருக்கிறது. சேர்த்துவைத்த பணம் போன முறையே தீர்ந்திருந்தது, இந்த முறை கைச்சங்கிலியை விற்றேன். அந்த ஐந்து வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

இயந்திரம் வருவதற்கு மூன்று நாள் முன்பு முடிவு வந்தது. புள்ளிகளை வைத்துப் பார்த்தேன். கோழிக்கு இறைத்த அரிசி மாதிரி கிடந்தன. வகை அதிகம், மீன் அதிகம் என்று சில குளங்கள். வகை குறைவு, மீன் அதிகம் என்று சில. ஏழாம் குளத்தில்தான் இப்போதும் வகை அதிகம், ஆனால் மற்றவை அதன் பக்கத்திலேயே வந்து நின்றன. உடைந்த கரையில் போன மீனை உத்தேசமாகச் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் எந்தப் பக்கமும் கோடு விழவில்லை.

என் பேராசிரியரைக் கூப்பிட்டு அலசலைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வருட அறுவடையை வைத்துக்கொண்டு இதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது, தொடர்பு தெரியவில்லை என்று எழுது, அதுவும் ஒரு முடிவுதான், பழைய படத்தைத் திரும்ப வாங்கிக்கொள் என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் தொடர்பு தெரியவில்லை என்பதைக் காட்டி ஓர் இயந்திரத்தை நிறுத்த முடியுமா? எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் மேம் ஃபெலிசா தனக்குத் தெரிந்ததைச் செய்வார். அவருக்குத் தெரிந்தது சுவரில் தொங்கியது.

மறுநாள் காலை பையில் இரண்டு தாள்களோடு அலுவலகத்துக்குப் போனேன். ஒன்றில் பன்னிரண்டு புள்ளிகள், இறைத்த அரிசி. இன்னொன்றில் பத்துப் புள்ளிகள். வகை குறைவாக இருந்தும் நிறைய மீன் தந்த இரண்டு குளங்களை எடுத்துவிட்டிருந்தேன். எடுத்ததும், கேட்டுக்கொண்ட மாதிரி, கீழேயிருந்து மேலே ஏறும் ஓர் அழகான கோடு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆற்றோடு போன மீனையும் சேர்த்ததில் ஏழாம் குளம் உச்சியில். அந்தத் தாளை ஏன் வரைந்தேன் என்று கேட்டால், சும்மா பார்க்கத்தான் வரைந்தேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன்.

அலசினதில் தவறாகிவிட்டது, பழைய படம் செல்லாது என்று மேம் ஃபெலிசாவிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முழுவதும் கேட்டார்.

“தப்பு எல்லாருக்கும் வரும். இப்ப சரியான கணக்கு என்ன சொல்லுது? வகை அதிகம்னா மீன் அதிகமா, இல்லையா? மிஷின்காரனுக்கு நான் இன்னிக்குப் பதில் சொல்லணும்.”

பையில் கை விட்டேன். இரண்டு தாளும் ஒரே கனம், ஒரே வழவழப்பு. எது எது என்று கைக்குத் தெரியவில்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் அது இன்னொரு பொய். ஒன்றின் மூலையை மடித்து வைத்திருந்தேன்.

“அதிகம், மேம்.”

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. நல்ல மனசு அவருக்கு. என் அண்ணனை மாற்ற வேண்டியிருக்காது என்பதில் என்னைவிட அவருக்கு நிம்மதி. அங்கேயே இயந்திரக்காரனைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். தெரியாமல் சொன்ன பொய்யைத் தெரிந்து சொன்ன பொய்யால் சரிக்கட்டிவிட்டதாக நினைத்தேன். ஏழாம் குளத்தில்தான் வகைகள் மிக அதிகமா என்று இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். அது உண்மை. எதையோ குறித்துக்கொண்டார். என்ன என்று நான் கேட்கவில்லை.

பிறகு பேராசிரியர் சொன்னபடி எழுதத் தைரியம் வராமல் இரண்டு வாரம் இலோய்லோ நகரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அன்று வரப்பில் ஏறும்போதே ஏழாம் குளத்துப் பக்கம் ஆள் கூட்டம் தெரிந்தது. குளம் வடிந்திருந்தது. பதினோரு குளக்காரர்களும் கூடைகளோடு கரைமேல் வரிசையாக நின்றார்கள். நடுவில் மெல்சோர், முட்டிவரை சேறு, கையில் அரிவாள். தோலைப் பலகை பலகையாக அறுத்து, சுருட்டி, கூடையில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாதிக் குளத்துக்கு மேல் தோல் இல்லை. வெட்டின இடமெல்லாம் சாம்பல் நிறக் களிமண்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குளம் காய்கிற நாளில் பக்கத்துக் குளக்காரர் விதைக்கு ஒரு கூடை லாப்லாப் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. கேட்பவரும் ஒரு கூடைக்கு மேல் கேட்பதில்லை. மேம் ஃபெலிசா ஒவ்வொரு குளத்துக்கும் அறுபது கூடை என்று உத்தரவு போட்டிருந்தார். வகைகள் அதிகமான குளத்திலிருந்து மற்றக் குளங்களுக்கு விதை. என் தாளை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு பிழையும் இல்லை.

சேற்றில் இறங்கி, மனோங் என்று அண்ணனைக் கூப்பிட்டுக்கொண்டே அவனிடம் போனேன்.

“போதும் மனோங், நிறுத்து. ஆளுக்கு ஒரு கூடை குடுத்தாப் போதும்.”

“ஒரு கூடையா? உன் படத்த நீயே பாக்கலையா? என் குளம் எங்க நிக்குதுன்னு மேம் வெரல வெச்சுக் காட்டினாங்க. இத்தன வருஷம் நாத்தக்குளத்தான்னானுங்க. இப்ப பாரு, கூடையத் தூக்கிட்டு வரிசையில நிக்கறானுங்க.”

வரிசையில் இருந்த ஒருவர், நாற்றம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மெல்சோர் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். அவ்வளவு நிமிர்ந்து அவன் நின்று நான் பார்த்ததில்லை.

இந்தத் தோல் ஒரு வருடத்தில் திரும்ப வராது என்றேன். உனக்கு உழவே மனசு வராதே, அறுக்க எப்படி வந்தது என்றேன். அந்தக் கேள்விக்கு அவன் கை நின்றது. வெட்டின இடத்தைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை நேரம் அந்தப் பக்கம் பார்க்காமலேயே வேலை செய்திருக்கிறான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

“வலிக்கத்தான் செய்யுது. ஆனா நீ கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க, வகை அதிகம்னா வெளைச்சல் அதிகம்னு. இது அங்கயும் வளரும், இங்கயும் மிச்சத்துலேர்ந்து வளரும். இல்லேன்னா நீ விட்டிருப்பியா?”

அந்தப் படம், மனோங், என்று ஆரம்பித்தேன். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொல்லு என்று நின்றான். பதினோரு பேரும் கரைமேல் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த அறுவடையில் இந்தக் குளம் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. உச்சியிலும் நிற்கலாம், கடைசியிலும் நிற்கலாம்; தெரியாது என்பதுதான் நான் கையொப்பமிட்டிருக்க வேண்டிய ஒரே உண்மை. கடைசியில் நின்றால் மேம் ஃபெலிசா வேறு ஆளைப் போடுவார். அன்றைக்கு இவனுக்குக் குளமும் இருக்காது, தோலும் இருக்காது. இதையெல்லாம் சொல்வதற்குப் பதில் குனிந்து அவன் கூடையின் விளிம்பைச் சரிசெய்தேன்.

நான் அழப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சின்ன வயதில் எனக்கு வேடிக்கை காட்டின மாதிரி ஒரு புருவத்தை மட்டும் தூக்கினான். பிறகு, அறுக்காமல் விட்டிருந்த மதகோரத்துக்குப் போனான். நல்ல இடமாகப் பார்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டினான். வாய்க்காலில் குனிந்து அலசினான். ஒன்று, இரண்டு, மூன்று. கறுப்பு அவ்வளவாகப் போகவில்லை. அந்தத் தோல் அப்படி.

“இந்தா இன்டாய், உன் புட்டிக்கு. நல்லா அலசிட்டேன்.”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.